பூனைக்கு மணி கட்டினால் போதுமா?

சென்ற ஒக்டோபர் நடுப்பகுதியில், விடிந்தும் விடியாத பொழுதொன்றில், எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு குருவி செத்துக் கிடந்தது. மைனாவை விடச் சற்றுச் சிறிய உடம்பு. பச்சை முதுகு, வெள்ளைக் கழுத்து, மண்மஞ்சள் நெஞ்சு, வாலடியில் கடும் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. இரண்டு முழம் தள்ளி எங்கள் வீட்டுப் பூனை கறுப்பி முன்னங்காலை நக்கிக்கொண்டு இருந்தது. குருவியின் கழுத்தில் பல் பதிந்த அடையாளத்தைத் தவிர வேறு காயம் இல்லை. கறுப்பி அதைத் தின்னவே இல்லை. முதல் நாள் இரவு வைத்த மீனும் சோறும் கோப்பையில் பாதி மிச்சம் கிடந்தது.

அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, ஆறுமணிக்குருவியெல்லே! இப்பதான் வந்து இறங்கியிருக்கும்" என்றார். பிறகு கறுப்பியைப் பார்த்து, "உனக்கு என்ன குறை வைச்சனாங்கள்?" என்று ஏசினார். குருவியை மாமரத்தடியில் புதைத்தேன். அம்மாவின் கேள்வி கறுப்பியிடம் கேட்கப்பட்டது என்றாலும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரராகிய நாங்கள்தான் என்று அன்று முழுவதும் தோன்றிக்கொண்டிருந்தது.

ஆறுமணிக்குருவி எங்கள் ஊரில் பிறந்த குருவி அல்ல. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவின் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. இரவில் பறக்கும். காலை ஆறு மணியையும் மாலை ஆறு மணியையும் ஒட்டிக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். வந்து இறங்கும் நாட்களில் பறக்கவும் தெம்பில்லாமல் வீட்டுக்குள் விழுந்துகிடப்பதை இந்தத் தீவின் பல ஊர்களிலும் கண்டிருக்கிறார்கள். உணவும் நிலத்தில்தான்: சருகைக் கிளறிப் புழு பூச்சி தேடி நடந்து திரியும். ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்துவந்து, களைத்துப்போய், நிலத்தில் நடக்கின்ற ஒரு குருவி. வயிறு நிறைந்த ஒரு பூனைக்கு இதைவிட இலகுவான இரை கிடையாது.

வளவுகள் யாருடைய தரிப்பிடம்?

வடபுலத்துப் பறவைகள் என்றவுடன் எங்களுக்கு நினைவுக்கு வருவது கடல்நீரேரியில் நிற்கும் பூநாரைகள். ஒவ்வொரு வருடமும் அவற்றின் படங்கள் பத்திரிகைகளில் வரும். சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2015 இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. தென்மராட்சியில் சரசாலைக் குருவிக்காட்டின் பெயரே அதன் கதையைச் சொல்லிவிடும். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் பெருவழியில் யாழ்ப்பாணக் குடாநாடு இருக்கிறது என்பது இப்போது பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆனால் எல்லாப் பறவைகளும் நீரேரிக்கு வருவதில்லை. ஆறுமணிக்குருவிக்கும் நீண்ட வால் கொண்ட வேதிவால் குருவிக்கும் மரநிழலும் சருகும் புதரும் வேண்டும். சாவகச்சேரி, மட்டுவில், மீசாலை, நுணாவில், கொடிகாமம் என்று கண்டி வீதியின் இரு பக்கமும் உள்ள மா, பலா, தென்னை வளவுகள்தான் அவற்றின் காடு. வருடம் முழுவதும் இங்கேயே வாழும் புலுனி, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தையற்சிட்டு, செண்பகம், குக்குறுவான், மாம்பழக்குருவி ஆகியவற்றுக்கும் அதுவே வீடு. இந்தக் காட்டுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்கல் கிடையாது. அதன் உறுதிக்காரர் நாங்கள். அதில் திரியும் வேட்டைக்காரனுக்குச் சோறு போடுகிறவர்களும் நாங்கள்.

இவற்றில் எது பூனையிடம் கூடுதலாக அகப்படும் என்று ஊகிப்பது கடினம் அல்ல. புலுனிகள் கூட்டமாக நிலத்தில் இறங்கி மேய்பவை. கொண்டைக்குருவி ஆள் உயரப் புதரிலேயே கூடு வைக்கும். தையற்சிட்டு, வாசலில் நிற்கும் பூஞ்செடியின் இலையைத் தைத்துக் கூடாக்கும். கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு சரியாகப் பறக்கப் பழகும் வரை சில நாட்கள் தத்தித் தத்தித் திரியும். தாய்க்குருவி பக்கத்திலிருந்து இரை கொடுக்கும். அந்தச் சில நாட்கள்தான் கண்டம்.

எண்கள் சொல்வது

2013 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'நேச்சர் கொமியூனிகேஷன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கணிப்பை வெளியிட்டார்கள். அந்நாட்டில் வெளியில் திரியும் பூனைகள் வருடத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி வரையான பறவைகளைக் கொல்கின்றன என்றது அது. அதில் பெரும் பங்கு வீடில்லாத பூனைகளுடையது. 2023 இல் அதே சஞ்சிகையில் வெளிவந்த இன்னோர் ஆய்வு, உலகம் முழுவதும் பூனைகள் தின்னும் உயிரினங்களைத் தொகுத்தபோது 2,084 இனங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் அரைவாசிக்குக் கிட்டப் பறவைகள். 347 இனங்கள் ஏற்கெனவே பாதுகாப்புக் கவலைக்கு உரியவை.

அமெரிக்காவின் கணக்கைக் கொண்டுவந்து சாவகச்சேரியில் பெருக்கிப் பார்க்க முடியாது. அங்குள்ள வீடும் தோட்டமும் பூனையும் வேறு. ஆனால் எங்கும் பொருந்தக்கூடிய ஒன்றை ஜோர்ஜியா மாநிலத்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சிறிய கமராக்களைக் கட்டிவிட்டு, அவை வெளியில் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். வேட்டையாடியவை அரைவாசிக்கும் குறைவு. பிடித்தவற்றில் பல்லியினம் போன்றவை கூட, பறவைகள் குறைவு. முக்கியமானது இதுதான்: பிடித்த இரையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைத்தான் அவை வீட்டுக்குக் கொண்டுவந்தன. மிச்சத்தில் ஒரு பகுதியைத் தின்றன. ஏறத்தாழ அரைவாசியைக் கொன்ற இடத்திலேயே போட்டுவிட்டு வந்தன.

"எங்கட பூனை எலியைத் தவிர ஒண்டும் பிடிக்கிறேல்லை" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். என் விறாந்தைக்கு ஒரு குருவி வந்தது என்றால், வேலிக்கரையில் நான் காணாதவை எத்தனை என்று கேட்கத்தான் வேண்டும்.

காகமும் மதிலும் மருந்தும்

இதை நண்பர்களிடம் சொன்னபோது வந்த முதல் மறுப்பு நியாயமானது. "குருவி குறைஞ்சதுக்குப் பூனையே காரணம்? மரத்தைத் தறிச்சது ஆர்? தோட்டத்துக்கு மருந்தடிச்சது ஆர்?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்ற வேலிகளை நாங்கள்தான் பிடுங்கிவிட்டு மதில் கட்டினோம். வேலி என்பது குருவிக்குக் கூடு வைக்கும் இடமாகவும் ஒளியும் இடமாகவும் இருந்தது. மதில் பூனைக்கு நடைபாதையாக இருக்கிறது. சருகைக் கூட்டி எரித்து வளவை வெளியாக்குகிறோம். தோட்டத்தில் பூச்சிக்கொல்லி அடித்தால் பூச்சி தின்னும் குருவிக்கு இரை இல்லாமல் போகிறது. சந்திகளில் குவியும் குப்பையால் காகம் பெருகுகிறது. காகம் குஞ்சையும் முட்டையையும் விட்டுவைப்பதில்லை.

இந்தப் பட்டியலில் பூனைக்கு எத்தனையாவது இடம் என்று வாதாடலாம். ஆனால் ஒதுங்க இடமில்லாமல் போன பறவைக்குப் பூனையின் அடி முன்பை விடக் கடுமையாக விழுகிறது. மேலும், தறித்த பலா திரும்ப வளர இருபது வருடம் எடுக்கும். குப்பைக்குச் சபையைக் கேட்க வேண்டும். மருந்துக்கு விவசாயியின் பிழைப்பைப் பேச வேண்டும். பூனையை இரவில் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துவதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை.

"அது அதின்ர இயல்புதானே?"

இரண்டாவது மறுப்பு, வேட்டையாடுவது பூனையின் இயல்பு என்பது. அதுவும் உண்மை. கறுப்பியை நான் குற்றவாளியாக்கவில்லை.

ஆனால் வீட்டுப் பூனை இந்த மண்ணின் இயற்கை அல்ல. அதன் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப்பூனை. மனிதனின் நெற்களஞ்சியத்தையும் எலியையும் தேடி வந்து, மனிதனோடு கப்பலேறி உலகெங்கும் பரவியது. எங்கள் நாட்டில் இயற்கையாக வாழும் பூனையினங்களும் உண்டு: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, மிகச் சிறிய துருப்புள்ளிப் பூனை. இவற்றின் எண்ணிக்கையை இரை தீர்மானிக்கிறது. இரை குறைந்தால் குட்டி குறையும், வேட்டையும் குறையும். இப்படித்தான் கொல்பவற்றுக்கும் கொல்லப்படுபவற்றுக்கும் இடையில் ஒரு கணக்கு நிலைக்கிறது.

வீட்டுப் பூனைக்கு அந்தக் கணக்கு இல்லை. வளவில் ஒரு குருவிகூட மிஞ்சாவிட்டாலும் பின்னேரம் மீன்தலை கிடைக்கும். பசி அதன் எண்ணிக்கையைக் குறைக்காது. நிறைந்த வயிறு அதன் வேட்டையை நிறுத்தவும் மாட்டாது. ஒரு காட்டுப்பூனை திரியும் பரப்பில் எங்கள் ஒழுங்கையிலே வீட்டுக்கு இரண்டு பூனை நிற்கும். "பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது" என்று பழமொழி சொல்வதில் எலியின் இடத்தில் குருவியை வைத்துப் பார்த்தால் இதுதான். அந்த விளையாட்டுக்குச் செலவு செய்வது நாங்கள்.

தீவுகளில் இது எங்கே போய் முடியும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. நியூசிலாந்தின் ஸ்டீஃபன்ஸ் தீவில் 1894 இல் வெளிச்சவீடு இயங்கத் தொடங்கியபோது பூனையும் அங்கே வந்து சேர்ந்தது. அங்கே மட்டும் எஞ்சியிருந்த, பறக்க முடியாத ஒரு சிறு குருவியினம் சில வருடங்களுக்குள் அழிந்தது. வெளிச்சவீட்டுக் காவலரின் ஒற்றைப் பூனை செய்த வேலை என்று கதை பரவியது. பின்னர் ஆராய்ந்தவர்கள், அங்கே பெருகிய பல பூனைகளின் வேலை அது என்று காட்டினார்கள். இலங்கை அப்படிச் சிறிய தீவல்ல. எங்கள் குருவிகள் நாளைக்கே அழிந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் ஒற்றைப் பூனையில் பழியைப் போட்டுவிட்டுப் பெருகவிட்டவர்களை மறந்த அந்தக் கதை எங்களுக்கும் பழக்கமானது.

யாருடைய பூனை?

எங்கள் ஊரில் பூனைக்கு உரிமையாளர் இருக்கிறார், இல்லை. நெல்லு மூட்டையில் எலி பிடித்தால் அது "எங்கட பூனை". பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சைத் தூக்கினால் "அது எங்கட இல்லை, வளவுக்கை சும்மா திரியுறது". இந்த வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன்.

சட்டமும் ஏறத்தாழ இதே மாதிரித்தான் நிற்கிறது. 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் நாயை வைத்திருப்பவர் அதைப் பதிய வேண்டும் என்கிறது. நாய்க்கு ஓர் உரிமையாளர் உண்டு என்பதை நூற்றிருபது வருடங்களுக்கு முன்பே சட்டம் ஏற்றுக்கொண்டது. பூனை அந்தச் சட்டத்துக்குள் இல்லை. 1937 இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், விலக்களிக்கப்பட்ட சில இனங்கள் தவிர ஏனைய பறவைகளைக் கொல்வதையும் பிடிப்பதையும் குற்றமாக்குகின்றன. நான் கவண் எடுத்து ஆறுமணிக்குருவியை விழுத்தினால் அது குற்றம். என் பூனை விழுத்தினால் அது ஒரு செய்தியும் இல்லை.

பொதுச் சட்டமாக எங்களுக்கு வாய்த்திருக்கும் ரோமன்-டச்சுச் சட்டத்தில், வளர்ப்பு மிருகம் பிறருக்குச் செய்யும் சேதத்துக்கு உரிமையாளர் ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு உண்டு. ஆனால் காட்டுப் பறவை எவருக்கும் உடைமை இல்லை என்பதும் அதே சட்ட மரபின் கருத்து. கோழிக்குஞ்சு செத்தால் சண்டைக்கு வர ஒரு பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார். குருவிக்காகச் சண்டைக்கு வர யாரும் இல்லை. சேதம் செய்த பூனைக்கு உரிமையாளர் இல்லை என்கிறோம். சேதப்பட்ட பறவைக்கும் உரிமையாளர் இல்லை. இந்த இரண்டு 'இல்லை'களுக்கும் இடையில்தான் குருவி சாகிறது.

2025 மார்ச் 15 ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, ஐந்து நிமிடத்துக்குள் அவரவர் வளவில் நிற்கும் குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணித் தரும்படி அரசாங்கம் நாடு முழுவதையும் கேட்டது. பயிருக்குச் சேதம் செய்யும் மிருகங்களின் கணக்கெடுப்பு அது. எங்களுக்குச் சேதம் செய்பவற்றை எண்ணினோம். எங்களால் சேதம் செய்பவற்றை எண்ணும்படி எவரும் கேட்கவில்லை.

உரப்பையில் கட்டி விடுவது

இந்தப் பிரச்சினையின் பெரிய பங்கு வீட்டில் வளரும் பூனையை விட, வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பூனையால் வருவது. அதற்கும் வீட்டுக்காரர்தான் தொடக்கம்.

பெட்டைப் பூனை பிறந்து ஐந்தாறு மாதத்திலேயே பருவமடையும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். வருடத்தில் இரண்டு, சில வேளை மூன்று ஈற்று. ஈற்றுக்கு நாலு என்றாலும் ஒரு பூனைக்கு வருடத்தில் எட்டுக் குட்டி. எட்டையும் எந்த வீடும் வைத்திருக்காது. பூனையைக் கொன்றால் பாவம் என்று நம்புகிறவர்கள் நாங்கள். ஆகவே கொல்வதில்லை. உரப்பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சந்தைப் பக்கமாகவோ கோயில் வீதியிலோ அவிழ்த்துவிட்டு வருகிறோம். பெரும்பாலும் பெட்டைக்குட்டிகளைத்தான்; கடுவனைக் கேட்டு வாங்க ஆட்கள் உண்டு. மீன் சந்தைக் கழிவில் தப்பிப் பிழைத்தவை அடுத்த வருடம் குட்டி போடும். பாவத்தை நாங்கள் செய்யாமல், பசிக்கும் வாகனத்துக்கும் நாய்க்கும் குருவிக்கும் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

கைவிடுவது எங்களுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு வந்தபோது, பூட்டிய வீடுகளில் ஆடும் மாடும் நாயும் பூனையும் நின்றன. 2000 இல் சாவகச்சேரியே போர்முனையாகி இடிந்தபோது எங்கள் முறை வந்தது. நாங்கள் வளர்த்த சாம்பல் நிறப் பூனையைக் கூப்பிட்டுப் பார்க்கவும் நேரம் இருக்கவில்லை. 2002 இல் திரும்பி வந்து பார்த்தபோது, கூரையில்லாத வீட்டுச் சுவரில் எங்களைக் கண்டு ஓடுகின்ற பூனைகள் நின்றன. அவை யாருடையவை என்று கேட்க எவருக்கும் மனம் வரவில்லை.

அன்று கைவிட்டது உயிர் தப்ப. இன்று கனடாவுக்கும் இலண்டனுக்கும் குடும்பமாகப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை உறவினரிடம் கொடுக்கிறார்கள். தென்னைக்குத் தண்ணீர் விடவும் விளக்கு வைக்கவும் ஆள் ஒழுங்குபடுத்துகிறார்கள். பூனைக்கு ஒழுங்கு இல்லை. பூட்டிய வளவு குருவிக்கு நல்ல காடாக இருந்திருக்கலாம். அதில் விட்டுப்போன பூனை பெருகுகிறது. இது போர் செய்த வேலை என்று சொல்ல முடியாது.

பிற ஊர்களில்

ஜேர்மனியின் தெற்கில் வால்டோர்ஃப் என்ற சிறு நகரம் 2022 மே மாதத்தில் உலகச் செய்தியானது. அங்கே நிலத்தில் கூடு வைக்கும் கொண்டை வானம்பாடி, விரல்விட்டு எண்ணக்கூடிய சோடிகளாகக் குறைந்துபோயிருந்தது. குஞ்சு பொரிக்கும் மாதங்களில், ஓகஸ்ட் முடியும் வரை, குறிப்பிட்ட பகுதியில் பூனைகளை வெளியே விடக்கூடாது என்று உள்ளூர் நிர்வாகம் கட்டளையிட்டது. மீறினால் 500 யூரோ. பூனை வானம்பாடியைக் கொன்றால் 50,000 யூரோ வரை. பூனை வளர்ப்போர் கொதித்தெழுந்தார்கள். அவுஸ்திரேலியத் தலைநகர் கன்பராவில், 2022 ஜூலை 1 க்குப் பின் பிறந்த பூனைகள் அனைத்தும் உரிமையாளரின் வளவு எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்தச் சட்டங்களை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்வது வேடிக்கை. எங்கள் வீடுகளுக்கு யன்னலும் கதவும் பகல் முழுவதும் திறந்துகிடக்க வேண்டும். இல்லாவிட்டால் மனிதர் இருக்க முடியாது. எலியும் பாம்பும் உள்ள வளவில் பூனைக்கு வேலையும் உண்டு. தண்டப்பணம் அறவிட வருகிறவரைப் பார்த்து ஊர் சிரிக்கும். ஆனால் அந்த இரண்டு ஊர்களும் ஏற்றுக்கொண்ட ஒரு விடயம் எங்களுக்கும் பொருந்தும்: பூனைக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். அது வெளியில் செய்வதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

என்ன செய்யலாம்?

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்பது எங்கள் வழக்கம். மணி கட்டினாலும் போதாது என்கிறது 2021 இல் இங்கிலாந்தின் எக்ஸிற்றர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு. 219 வீடுகளின் 355 பூனைகளைப் பல வாரங்கள் கவனித்தார்கள். மணி கட்டியதால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இறைச்சிச் சத்துக் கூடிய, தானியம் கலவாத உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 வீதம் குறைந்தது. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில் 25 வீதம் குறைந்தது. கழுத்தில் பல நிறத் துணிப்பட்டி கட்டியவை கொண்டுவந்த பறவைகள் 42 வீதம் குறைந்தன. பறவைக்கு அந்த நிறம் தூரத்திலேயே தெரிந்துவிடும். மணியால் பயன் உண்டு என்று சொன்ன முந்திய ஆய்வுகளும் இருக்கின்றன. ஆகவே கட்டியவர்கள் அவிழ்க்கத் தேவையில்லை. கட்டியதோடு கடமை முடிந்தது என்று எண்ணாமல் இருந்தால் சரி.

தானியம் கலவாத பெட்டி உணவு எங்கள் வீட்டுக் கணக்குக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் வெறும் சோற்றில் மீன்சாறு ஊற்றுவதை விட்டுச் சூடைமீன் இரண்டைக் கூட வைக்கலாம். மற்றவற்றுக்குக் காசு தேவையில்லை. பூனை வேட்டைக்கு இறங்குவது பெரும்பாலும் அந்தியிலும் விடியற்புறத்திலும். பொழுதுபட முன் சாப்பாட்டை வீட்டுக்குள் வைத்து, உள்ளே வந்தபின் கதவைச் சாத்தினால், விடிந்து நன்றாக வெளித்தபின் திறந்துவிடலாம். ஆறுமணிக்குருவி வந்திறங்கும் ஒக்டோபரிலும், வளவில் குஞ்சு இறங்கித் திரியும் நாட்களிலும் இது கட்டாயம். நிலத்தில் குஞ்சைக் கண்டால் அதை எடுத்து வளர்க்க வெளிக்கிடாமல், பூனையை இரண்டு நாள் உள்ளே வைப்பது மேல். வளவின் ஒரு மூலையில் சருகையும் புதரையும் விட்டுவைக்கலாம். தண்ணீர்ச் சட்டியை மதிலோரம் வைக்காமல், பூனை ஒளிந்து பாய முடியாத வெளியில், உயரத்தில் வைக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரியது கருத்தடை. இதை வீட்டுக்காரர் மட்டும் செய்து முடிக்க முடியாது. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் சாவகச்சேரி நகர சபையும் பிரதேச சபையும் மீண்டும் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்களோடு இயங்குகின்றன. தெருநாய்ப் பிரச்சினை வரும்போதெல்லாம் கருத்தடை பற்றிப் பேசுகிறோம். அந்த நடமாடும் முகாம்களில் பூனைக்கும் ஒரு மேசை போடும்படி கேட்க வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசியும் அதே இடத்தில் போடலாம். விசர் நாயால் மட்டும் பரவுவதில்லை, பூனை கடித்தாலும் ஊசிக்கு ஓட வேண்டும் என்பது பெற்றோருக்குத் தெரியும். குருவிக்காகக் காசு ஒதுக்கச் சபை யோசிக்கலாம். பிள்ளைகளின் சுகாதாரத்துக்காக ஒதுக்க யோசிக்கத் தேவையில்லை. சந்தையில் மீன் கழிவை மூடிய தொட்டியில் சேர்த்து அன்றன்றே அகற்றினால், உரப்பையில் வரும் குட்டிகளின் எண்ணிக்கை எங்கே பெருகுகிறதோ அங்கேயே அடி விழும்; காகமும் குறையும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2006 இல் சட்ட ஆணைக்குழு வரைந்து கொடுத்த விலங்கு நலச் சட்டமூலம் வருடக்கணக்காக இழுபட்டது. வளர்ப்பவருக்கு விலங்கின் மீது பராமரிப்புக் கடமை உண்டு என்பது அதன் அடிப்படை. அந்தக் கடமை சட்டத்தில் ஏறினால், பூனைக்குட்டியை உரப்பையில் கட்டிக் கொண்டுபோகிறவரை நிறுத்திக் கேட்க ஓர் ஆதாரம் கிடைக்கும். பூனையின் நலமும் குருவியின் நலமும் அந்த இடத்தில் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் நவம்பர் தொடக்கத்தில் கறுப்பியைக் கருத்தடை செய்வித்தோம். மிருக வைத்தியரிடம் கொண்டுபோக ஒரு கூடை கடன் வாங்க வேண்டியிருந்தது. கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, "எங்கட ரெண்டையும் சேர்த்துக் கொண்டுபோறியளே?" என்று கேட்டார். "எங்கட" என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். அந்த இரண்டும் வளவுக்கை சும்மா திரிகிறவை என்றுதான் அதுவரை எங்களுக்குச் சொல்லியிருந்தார். மூன்றையும் ஒரே ஓட்டோவில் கொண்டுபோய் வந்தோம்.

அம்மா இப்போது ஆறு மணிக்கு முன்னமே கறுப்பியின் கோப்பையைக் குசினிக்குள் வைத்துக் கூப்பிடுகிறார். முதல் கிழமை அது கதவைப் பிறாண்டியது; இப்போது பழகிவிட்டது. மாமரத்தடியில் இந்த மாரிக்கு இன்னோர் ஆறுமணிக்குருவி வந்திருக்கிறது. பொழுதுபடும் நேரத்தில் அதன் குரல் கேட்கும். கேட்டவுடன் அம்மா எழும்பிப்போய்க் குசினிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.